ஹெரால்டா, பியட்டா? ஷெட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம்

பொன்மலை ஃபிட்டர் (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு பழைய கார்கள் இருக்கின்றன. ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை. எதைக் கொடுப்பது என்று வீட்டில் பேசிப் பேசி ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. வண்டியில் கை வைத்துப் பழகியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

முதல் வண்டி 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டு கதவு, 948 சிசி. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில் செய்தது. இரண்டாவது 1985 பிரீமியர் பத்மினி. 1089 சிசி, ஸ்டீயரிங் கியர். எங்கள் பக்கம் பத்மினி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பியட் என்றால்தான் புரியும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டும் இப்போது வாடகை ஷெட்டில் நிற்கின்றன. இடத்துக்காரர் தை பிறந்ததும் இடித்துவிட்டு வீடு கட்டப் போகிறார். நல்ல மனிதர், முன்கூட்டியே சொல்லிவிட்டார். என் வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் இறக்கினால் ஒரு வண்டி நிற்கும், சுற்றி நின்று வேலை பார்க்கவும் கொஞ்சம் இடம் இருக்கும். இன்னொன்றைத் தெருவில் போட்டுத் தார்ப்பாய் மூடி வைக்கலாம் என்று தம்பி சொல்கிறான். எனக்கு மனம் வரவில்லை. தார்ப்பாய்க்குள் ஈரம் நின்றால் ஒரே மழைக்காலத்தில் வண்டி துருப்பிடித்துப் போகும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதைப் பொறுத்துத்தான் பதிலும் இருக்கும். நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கழற்றுவது, அளப்பது, மாட்டுவது, வெல்டிங் எல்லாம் கைவந்த வேலை. டிங்கரிங், பெயிண்ட் எனக்கு வராது, அதற்கு வெளியே ஆள் பார்க்க வேண்டும். கூட மாட நிற்பது மகள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு வேலை நாள்.

ஹெரால்டைக் கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்தேன். அந்த வீட்டுப் பெரியவர் கடைசிவரை அவரே ஓட்டிய வண்டி. ஆர்.சி. (பதிவுச் சான்று) காலாவதியாகும் முன்பே என் பெயருக்கு மாற்றிவிட்டேன், அதற்கப்புறம் புதுப்பிக்கவில்லை. இப்போது இன்ஜின் வெளியே ஸ்டாண்டில் இருக்கிறது. சீட் எல்லாம் கழற்றி வீட்டு மாடியில். கண்ணாடி முழுசாக இருக்கிறது. முன்பக்க கிரில், பம்பர், டேஷ் போர்டு எல்லாம் அசல். கீழே தகட்டில் அங்கங்கே ஓட்டை. மிதித்தால் கால் போகிற அளவுக்கு இல்லை, ஆனால் இருக்கிறது.

பியட் ஓடுகிற வண்டி. ஆர்.சி. 2028 வரை. இன்சூரன்ஸ் இருக்கிறது. மனைவியையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், சமயபுரம் என்று போய் வருகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. உயரமான கார்களில் ஏறவே மாட்டார், பியட்டில் மட்டும் ‘சோபா மாதிரி இருக்கு’ என்று தானாகவே போய் உட்காருவார். முன்னால் நீள சீட். கியர் ஸ்டீயரிங்கிலேயே இருப்பதால் நடுவில் ஒன்றும் இடிக்காது. பெயிண்ட் முன்பு வைத்திருந்தவர் அடித்தது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கதவுக்குக் கீழே விரலால் தட்டினால் சில இடங்களில் தகடு சத்தம் வரவில்லை. ஓட்டையை மறைக்க உள்ளே பட்டி பூசியிருப்பார்கள் என்று சந்தேகம்.

இதுவரை படித்தவர்கள் பியட்டை வைத்துக்கொள் என்றுதான் சொல்வீர்கள். ஷெட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கும் கணக்குப் போட்டால் அதுதான் சரி. ஆனால் ஹெரால்டின் பானட்டைத் திறக்கும்போது அந்தக் கணக்கு நிற்பதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது மற்ற கார் மாதிரி மூடியை மட்டும் தூக்குவதில்லை. இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்தால் மட்கார்டு, லைட்டு, மூக்கு எல்லாம் சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயும். உள்ளே இன்ஜின் வைக்கும் இடம், ஸ்டீயரிங் ராடு, முன் சஸ்பென்ஷன் எல்லாமே கண்ணுக்கு நேரே. முன்சக்கரத்து டயர்மேல் உட்கார்ந்து டேப்பட் (வால்வ் இடைவெளி) வைக்கலாம். முதுகு வளைக்காமல் கார் வேலை பார்க்கலாம் என்பதே அந்த வண்டியில்தான் எனக்குத் தெரிந்தது. என் மகளும் ஒரு போல்ட் எதைப் பிடித்து நிற்கிறது, எதைக் கழற்றினால் எது விழும் என்பதையெல்லாம் அதில்தான் கற்றுக்கொண்டாள்.

அப்புறம் ஸ்டீயரிங் வெட்டு. 25 அடி வட்டத்துக்குள் திரும்பும். எங்கள் தெருவில் பியட்டை மூன்று முறை முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். ஹெரால்டை இன்ஜின் இல்லாமல் தள்ளித்தான் திருப்பினோம், ஒரே வீச்சில் உள்ளே போனது.

விலை பற்றிக் கேட்கவில்லை. எதற்கு எவ்வளவு கிடைக்கும் என்பது எனக்கு இரண்டாவது விஷயம். ஷெட்டில் வைத்து ஒழுங்காக முடிக்கக்கூடிய வண்டி எது? அதைச் சொல்லுங்கள். எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னாலும் போதும், பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

மயிலாப்பூர் பியட் (சென்னை)

சார், யோசிக்கவே வேண்டாம். ஓடுகிற வண்டியைக் கொடுக்காதீர்கள். நான் பியட் வைத்திருப்பவன் என்பதால் சொல்லவில்லை. வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் சேர்க்க முடியாமல் நிற்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். கடைசியில் அது எடைக்குத்தான் போகும். உங்கள் அம்மா ஏறி உட்காருகிற வண்டி இருக்கும்போது அதை எதற்கு விட வேண்டும்?

ஸ்பேர் விஷயத்தில் பியட்டுக்குக் கவலையே இல்லை. பம்பாயில் அத்தனை வருடம் டாக்சியாக ஓடியதே இந்த வண்டிதான். அங்கே கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ஆம் தேதி ரோட்டுக்கு வந்தது. டாக்சிக்கு 20 வருடம்தான் கணக்கு என்பதால் 2023 அக்டோபரோடு அதுவும் நின்றது. ஆனால் அந்த வண்டிகளுக்காகச் செய்து குவித்த பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், கிளட்ச் பிளேட், கேஸ்கட் செட் எல்லாம் பம்பாய் குர்லா பக்கம் இன்னும் கிடைக்கின்றன. இங்கே புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடினால் கதவு, ஸ்டீயரிங் பாக்ஸ், ஹப் எல்லாம் கண்ணில் படும். ஹெரால்டுக்கு அந்த வசதி கிடையாது. நம் ஊரில் செய்த வண்டி என்று பெயர்தான், சாமான் கடைக்காரனிடம் கேட்டால் பெயரே தெரியாது என்கிறான்.

நீங்கள் எதை வைத்துக்கொண்டாலும் இதைச் செய்துவிடுங்கள்: பெட்ரோல் ஹோஸ், பம்ப்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் நீடில் இருக்கிற இடம், மூன்றையும் மாற்றுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. பழைய ரப்பர் எத்தனாலுக்குத் தாங்காது, ஊறி மெத்தென்று ஆகிவிடும். சாதா ஹோஸ் வேண்டாம், எத்தனாலுக்கு என்றே விற்கிற விட்டான் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். வண்டியை அதிக நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் அரைகுறையாகப் பெட்ரோல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அடியில் தங்கினால் டேங்க் துருப்பிடிக்கும்.

பியட்டில் இன்னொன்று கவனிக்க வேண்டும். இன்ஜின் பிளாக் இரும்பு, அதன்மேல் மூடுகிற ஹெட் அலுமினியம். திருச்சி வெயிலில் தண்ணீர் குறைந்து ஒரே ஒரு தடவை கொதித்தாலும் ஹெட் வளைந்துவிடலாம். ரேடியேட்டரை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

கோவை லேத்

மயிலாப்பூர் அண்ணன் சொன்னதில் பெட்ரோல் ஹோஸ் விஷயம் நூற்றுக்கு நூறு சரிங்க. மற்றதில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து இருக்கிறது. நான் லேத் வைத்திருக்கிறேன், பழைய வண்டி இன்ஜின் வேலை தினமும் வரும். அதனாலேயே சொல்கிறேன், முடிவெடுக்கும்போது இன்ஜினைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓடுகிறதா, வெளியே கிடக்கிறதா என்பது பெரிய விஷயமே இல்லை. சிலிண்டர் போர் தேய்ந்திருந்தால் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், கிராங்க் தேய்ந்திருந்தால் கிரைண்ட் செய்யலாம். தகடு போன வண்டிக்கு லேத்தில் மருந்து கிடையாது. இரண்டு வண்டியையும் தகட்டை வைத்து மட்டும் எடை போடுங்கள்.

அதில் இரண்டும் அடிப்படையிலேயே வேறு வேறு. பியட் முழுக்க ஒரே கூடு. தனிச் சேஸிஸ் இல்லை. கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகடுதான் வண்டியையே தாங்குகிறது. அது அரித்துப்போனால் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வண்டி நடுவில் தொய்யும். ஹெரால்ட் அப்படி இல்லைங்க. கீழே முழுச் சேஸிஸ், பாடி அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. முன் பகுதி தனி, பின் பகுதி தனி, கூரைகூடக் கழன்று வரும்.

அது ஏன் அப்படி ஆனது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. அதை வாங்கிவிட்டது. முழு பாடி அடித்துத் தர ஆள் இல்லை. அதனால் தகடுகளை வெவ்வேறு இடத்தில் அடித்து, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டுச் சேர்க்கிற மாதிரி ஒரு வண்டி செய்தார்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் மிகெலோட்டி வடிவம் கொடுத்தார், 1959-இல் அவர்களுடைய ட்ரயம்ப் பெயரில் ஹெரால்டாக வெளிவந்தது. அன்றைக்கு அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் செய்தது, இன்றைக்கு வீட்டு ஷெட்டில் வேலை பார்க்கிற நமக்கு வசதியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டைக் கழற்றலாம், வெல்டிங் அடிக்கலாம், ப்ரைமர் அடித்து மறுபடி மாட்டலாம். பாதியில் நிறுத்தினாலும் வண்டி கோணாது. பியட் பெட்டித் தகட்டை வெட்டினால் அப்படி நிறுத்தவே முடியாது. உள்ளே குறுக்குக் கம்பி கொடுத்து, அளவு பிடித்து, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்.

எனவே, ஃபிட்டர் அண்ணா, இதைச் செய்து பாருங்கள்.

பியட்டைச் சமதரையில் நிறுத்தி, நாலு கதவையும் மூடி, இடுக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கவாட்டில் ஜாக்கி போடும் இடத்தில் ஜாக்கி வைத்து ஒரு பக்கம் மட்டும் தூக்குங்கள். சக்கரம் தரையை விட்ட பிறகு அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். யாரும் அடியில் போகக் கூடாது. கதவு முன்பு போலவே மூடினால் கூடு நன்றாக இருக்கிறது. இடித்தாலோ, தூக்கி அழுத்தினால்தான் மூடுகிறது என்றாலோ பெட்டித் தகட்டில் பலம் இல்லை. பின்சீட்டுக்கு அடியில் மேட் விரிப்பை எடுத்துவிட்டு, பின்சக்கரத்துப் பட்டைச் சுருளின் (லீஃப் ஸ்பிரிங்) முன்முனை மாட்டியிருக்கிற இடத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

ஹெரால்டில் பாடி ஓட்டையைப் பார்க்காதீர்கள், சேஸிஸைப் பாருங்கள். நடுவில் ஓடும் இரண்டு நீள இரும்புக் கட்டையையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் துருப்பிடித்துத்தான் இருக்கும், அது பரவாயில்லை, வெட்டிவிட்டுப் புதிதாக அடித்துக்கொள்ளலாம். டிஃபரன்ஷியலைப் பிடிக்கிற இடமும் நடுக் கட்டையும்தான் முக்கியம்.

கடைசியாக, ஹெரால்டின் முன்சக்கரத்து டிரன்னியன். கீழே இருக்கிற வெண்கலத் துண்டு, அதற்குள் இரும்புத் தண்டு மரை போட்டு உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. அதற்கு ஈ.பி. 90 கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். நம் ஊர் மெக்கானிக் எல்லோரும் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் போகாது, காய்ந்து கட்டியாகிவிடும், தண்ணீர் புகுந்து தண்டு அரிக்கும். ஒருநாள் ஓடும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். கழற்றிப் பார்க்காமல் அந்த வண்டியை ரோட்டில் விடவே கூடாது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர், மாறிவிடாமல் குறி போட்டு வையுங்கள்.

பொன்மலை ஃபிட்டர் (திருச்சி)

கோவை அண்ணனுக்கு நன்றி. சொன்னபடியே எல்லாம் பார்த்துவிட்டோம்.

பியட்டின் வலப்பக்கம் நன்றாகவே இருக்கிறது. தூக்கினோம், கதவு இரண்டும் அதே சத்தத்தோடு மூடின. இடப்பக்கம் தூக்கியதும் பின்கதவு இடுக்கு கண்ணெதிரே மேலே குறுகியது. மகள் கையில் இடுக்கு அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துக்கொண்டு நின்றாள், அதற்குத் தேவையே இருக்கவில்லை. கதவைத் திறந்தோம், மறுபடி மூடவில்லை. பூட்டு நாக்கு கொக்கிக்குக் கீழே போய் இடித்தது. ஜாக்கியை இறக்கியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி மூடிக்கொண்டது.

அப்புறம் கதவுக்கு அடியில் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டினேன். பட்டி கட்டை விரல் கனத்துக்கு வந்தது. அதற்குப் பின்னால் தகரத்துண்டு வைத்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். பட்டைச் சுருள் முன்முனை இடது பக்கம் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. வலது பக்கம் கெட்டி.

இந்த வண்டியில் அம்மாவை உட்கார வைத்து ஓட்டினோம் என்பதை நினைத்தால் கோபம் வருகிறது. பட்டி வைத்து மூடியவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்காது. சுருள் முனை வரை போய் அதையும் மூடியிருக்கிறார். அழகுக்காகப் பட்டி வைப்பது வேறு, சக்கரத்தைத் தாங்குகிற இடத்தில் வைப்பது வேறு. வண்டியை அன்றே நிறுத்திவிட்டேன்.

ஹெரால்டில் நடுக்கட்டை இரண்டும் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி கணீர் என்று கேட்டன. பக்கக் கைகளில் நாலு போய்விட்டன. டிஃபரன்ஷியல் இடம் ஆயில் கசிவில் ஊறிப்போய்த் துருவே இல்லை. இவ்வளவு காலம் கசிந்த ஆயில் ஒரு நல்லது செய்திருக்கிறது.

டிரன்னியன் கழற்றினோம். இரண்டிலும் கிரீஸ்தான். வலது பக்கம் தண்டு தப்பித்தது. இடது பக்கம் மரை தொடங்குகிற இடத்தில் பள்ளம் பள்ளமாக அரித்திருக்கிறது. அதை மறுபடி போட முடியாது. நல்லவேளை, இன்ஜின் இல்லாமல் நின்றது.

மயிலாப்பூர் அண்ணனிடம் ஒரு கேள்வி: பியட்டின் இடப்பக்கத்தை மட்டும் செய்தால் போதுமா?

வைகைப் பேப்பர் (மதுரை)

நான் வண்டி மெக்கானிசம் பேச வரவில்லை, ஆர்.டி.ஓ. வேலை பார்த்துக் கொடுப்பவன். யாரும் ஆர்.சி. பற்றிச் சரியாகச் சொல்லாததால் எழுதுகிறேன்.

தனியார் கார் பதிவு 15 வருடம், அப்புறம் 5 வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் வரை கட்டணம் 600 ரூபாய்தான். அப்போது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ஹெரால்டுக்குக் காலாவதியான பிறகு மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணமும் சட்டத்தில் இருக்கிறது. வண்டி முடிந்து ஆய்வாளர் முன்னால் நிறுத்தும்போது இதையெல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். இப்போதே ஒரு பக்கம் எடுத்து வையுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதியில் வின்டேஜ் பதிவு என்று தனியாகச் சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசலாக இருக்க வேண்டும். உங்கள் 1966 வண்டி இதற்குள் வரும். பியட் வராது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். புது நம்பர் வாங்கினால் நடுவில் வி.ஏ. என்று வரும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, வின்டேஜ் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று மட்டும்தான். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றால் சாதாரணப் புதுப்பித்தலுக்கே போங்கள்.

10 வருடம், 15 வருடம் ஆனால் வண்டியை நசுக்கிவிடுவார்கள் என்று வாட்ஸப்பில் வருவது டெல்லி வட்டாரத்து விஷயம். தமிழ்நாட்டில் தகுதி இருக்கிற தனியார் காரைப் புதுப்பிக்கத் தடை இல்லை. இதைக் கேட்டுப் பயந்து நல்ல வண்டியை எடைக்குப் போட்டவர்கள் உண்டு.

மயிலாப்பூர் பியட் (சென்னை)

படித்ததும் சங்கடமாகப் போய்விட்டது சார். நிறுத்தியது ரொம்பச் சரி.

இடப்பக்கம் மட்டும் செய்யலாம், ஆனால் செய்கிறவர் தெரிந்தவராக இருக்க வேண்டும். கதவு இருக்கும்போதே கதவுத் தூண்களுக்கு நடுவில் கம்பி வெல்டு வைத்து அளவைப் பூட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் பழைய தகட்டை வெட்டலாம். வெளித் தகட்டை மட்டும் மாற்றினால் பிரயோஜனம் இல்லை, உள்ளே இன்னொரு சுவர் இருக்கிறது, பலம் அதில்தான். சுருள் முனைக்குக் கனத் தகடு வளைத்து அடிக்க வேண்டும். நல்ல டிங்கர் பட்டறையில் வண்டி ஒரு மாதமாவது நிற்கும். உங்கள் வீட்டுப் பக்கவாட்டில் அந்த வேலை நடக்காது.

இருந்தாலும் நான் இன்னும் பியட் பக்கம்தான். வலப்பக்கம் கெட்டி என்றால் வண்டி பிழைத்துக்கொள்ளும். தயவுசெய்து பிரித்துச் சாமானாக விற்றுவிடாதீர்கள். 1985-இல் ரோட்டில் எங்கே பார்த்தாலும் நின்ற வண்டி, இன்றைக்கு ஒழுங்கான ஒன்றைத் தேடினால் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. எல்லோரும் அரியது என்று ஹெரால்டைத்தான் சொல்வார்கள். பியட்டும் இப்போது அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டிருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

கோவை லேத்

இடது தண்டை வெல்டு வைத்துக் கடைந்து போடலாமா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள் அண்ணா. என்னிடமே கேட்டாலும் செய்ய மாட்டேன். ட்ரயம்ப்பின் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் கார்கள் எல்லாம் இதே குடும்பத்து சஸ்பென்ஷன் என்பதால் அந்தப் பாகம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். விலை கொஞ்சம் கடிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தே வாங்குங்கள். 948 இன்ஜின் உள்பாகம்தான் 1147, 1296 அளவுக்குத் தாராளமாகக் கிடைக்காது. அதனால் இருக்கிற பிஸ்டன், கிராங்க் எதையும் அளக்காமல் தூக்கிப் போடாதீர்கள்.

ஹெட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹெரால்டுக்கு ஹெட் வார்ப்பிரும்பு, வால்வ் உட்காரும் இடம் அதிலேயே வெட்டியது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்து வண்டி. அந்த ஈயம்தான் வால்வ் சீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் 2000-இல் ஈயம் நின்றுவிட்டது. இப்போதைய பெட்ரோலில் நீண்ட தூரம், வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வ் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஹெட் வெளியே இருக்கும்போதே கெட்டியான சீட் வளையம் போட்டுவிட்டால் அந்தக் கவலை விட்டது.

பொன்மலை ஃபிட்டர் (திருச்சி)

முடிவு பண்ணிவிட்டோம். ஹெரால்ட் இங்கே இருக்கும்.

மனைவிக்கு முழுச் சம்மதம் இல்லை. ஓடிய வண்டியைக் கொடுத்துவிட்டு ஓடாததை வைத்துக்கொள்வதா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கதவு இடித்ததை நேரில் காட்டினேன். அதற்கப்புறம் அம்மாவை அதில் ஏற்றச் சொல்லவில்லை. கோயிலுக்குப் போக இனி வாடகைக் கார்தான், அந்தச் செலவு என் கணக்கில் என்று ஒத்துக்கொண்டேன். ஹெரால்ட் முடிந்ததும் சாதாரணப் புதுப்பித்தலுக்கே போகிறேன், வின்டேஜ் பதிவு வேண்டாம். வீட்டில் எல்லோரும் ஏறிப் போகிற காராகத்தான் அது இருக்க வேண்டும். இரண்டு கதவு என்பதால் அம்மா முன்சீட்டில்.

என் கைக்கு எந்த வேலை வருமோ அந்த வேலை ஹெரால்டில் இருக்கிறது. கழற்றி, அளந்து, வெல்டு வைத்து, மாட்டுவது. பியட்டுக்கு வேண்டியது நல்ல டிங்கரின் கை, அது என்னிடம் இல்லை.

தஞ்சாவூரில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் பியட்டைப் பார்க்க வந்தார். எதையும் மறைக்கவில்லை. அவர் முன்னாலேயே ஜாக்கி வைத்துத் தூக்கிக் காட்டினேன். கதவு இடித்ததைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. குனிந்து உள்சுவரில் கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, ‘தூண் நல்லாயிருக்கு, பண்ணிடலாம்’ என்றார். தன் மகன் கல்யாணத்துக்குள் முடித்து அதிலேயே அழைத்துப் போகப் போகிறாராம். மயிலாப்பூர் அண்ணன் சொன்ன கம்பி வெல்டு விஷயத்தைச் சொன்னேன், அவர் ஏற்கெனவே அளவு சட்டத்தோடு வந்திருந்தார். விலையில் கணிசமாக இறங்கிக் கொடுத்தேன். சாமானாகப் பிரிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். வண்டியை ஓட்டிப்போக விடவில்லை, லாரியில் ஏற்றித்தான் அனுப்புகிறேன்.

டிரன்னியன் இரண்டு பக்கமும் ஆர்டர் சொல்லியாகிவிட்டது. சேஸிஸ் கைகளுக்கு அட்டையில் அச்சு வெட்டி மகள் அளவு எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு முதல் தகடு வெட்டுகிறோம்.

கோவை அண்ணனுக்கு: ஹெட்டை மரப்பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். சீட் வளையம் எட்டுக்கும் போட வேண்டுமா, எக்ஸாஸ்ட் நாலுக்கு மட்டும் போதுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். வால்வ் கைடில் ஆட்டம் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது, அதையும் அளந்துவிடுங்கள். பிஸ்டன், கிராங்க் எல்லாம் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், எதையும் தூக்கிப் போடவில்லை.